எட்டில் நாலாவது பாட்டு

என் கணவர் கீபோர்டு வாசிப்பார், பாடவும் செய்வார். நான் பாடுவேன். பாபநாசத்தில் குடியிருந்துகொண்டு சுற்றுவட்டார மெல்லிசைக் குழுக்கள் மூன்று நான்கில் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தோம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கட்சிக் கூட்டத்தில் தலைவர் வந்து சேரும்வரை ஒரு மணி நேரம். எல்லாமே வேறு யாரோ பாடிய சினிமாப் பாட்டுகள். எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பவை எட்டுப் பாட்டுகள்தான். எட்டும் ஒரே ஆல்பத்தில் இருக்கின்றன. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணியில் முடித்தோம்.

அந்த ஆல்பம் எங்கள் ஆசையால் வந்ததில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்திக்கொடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் கேட்டு வந்தது. ஐயர், மாலை, மண்டபம், சாப்பாடு, வீடியோ எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். வருகிறவர்கள் பட்டுவேட்டி பட்டுப்புடவையோடு வந்து உட்கார்ந்தால் போதும். ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, வீடியோவுல சினிமாப் பாட்டு போட்டா யூடியூப்ல காப்பிரைட்டுன்னு சத்தத்தையே எடுத்துடுறான். சிங்கப்பூர்ல இருக்கற பிள்ளைங்க அப்பா அம்மா கல்யாணத்த ஊமைப் படமாப் பாத்துட்டு எனக்கு போன் போட்டுத் திட்டுறாங்க. நமக்குன்னு சொந்தமாப் பாட்டு வேணும். மாலை மாத்த ஒண்ணு, கலசத் தண்ணி ஊத்த ஒண்ணு, தாலி கட்ட ஒண்ணு. இப்படி எட்டு போதும்."

என் கணவர் உடனே சரி என்றார். நான் சமையற்கட்டில் நின்றபடி வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் சரி என்றார்.

அப்போது அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயது நாற்பத்து நாலு. ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி இறக்கி முதுகுவலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். எத்தனை வருஷம் என்று கணக்கே இல்லை. இரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது. அதையும் யாரும் பார்க்கவில்லை. காலில் வீக்கம் வந்து, முகம் வீங்கி, ஒரு நாள் மேடையிலேயே வாந்தி எடுத்த பிறகுதான் போனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நான் கொடுக்க முடியாது. அவருடைய அண்ணன்மார்களில் ஒருவருக்கு வயது அதிகம், இன்னொருவருக்கு இருதயக் கோளாறு. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல ஒருவரும் இல்லாததே அந்த நாட்களில் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அதனால் அவர்மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஊசி போட்டுப் படுக்கவைத்திருப்பார்கள். நான் வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எட்டுப் பாட்டுக்கும் வரிகள் எழுதினேன். இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில் எழுதுவேன். அதுவரை நான் பாட்டெழுதியதில்லை. வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்றதற்கு அவர், "நீதான் நாள் பூரா சும்மா உக்காந்திருக்கியே" என்றார்.

மாலை மாற்றும் பாட்டுக்கு நான் எழுதிய முதல் வரி அவருக்குப் பிடித்தது. முதல் மாலை யாரோ தொடுத்தது, இந்த மாலை நம் பிள்ளை தொடுத்தது என்று வரும். கலசத் தண்ணீர் ஊற்றும் பாட்டுக்கு, "குடத்து நீரே மெல்ல விழு, தலையில் அறுபது கோடை இருக்கு" என்று எழுதினேன். டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்ததும் அதைப் படித்துக் காட்டினேன். அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"போயும் போயும் தண்ணியப் பத்தி எழுதிருக்க."

"அந்தச் சடங்கே தண்ணி ஊத்துறதுதானேங்க."

"தெரியுது. சும்மா சொன்னேன்."

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். அவருக்கு அவ்வளவுதான். காப்பி, ரசம், மோர் எல்லாம் அந்த அரை லிட்டருக்குள்ளேயே அடங்கவேண்டும். சிறுநீர் போவதே நின்றுவிட்டதால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். மிஞ்சினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். நான் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். அதைத் தாண்டிக் கேட்டால் சின்ன ஐஸ் துண்டு ஒன்று கொடுப்பேன், அல்லது நெல்லிக்காய். வீட்டில் இருந்த சொம்புகளை எல்லாம் எடுத்து மேலே வைத்துவிட்டேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று சத்தம் கேட்பேன். அவர் வாயில் தண்ணீர் கொப்புளிக்கிற சத்தம், துப்புகிற சத்தம். துப்புகிற சத்தம் கேட்கத் தாமதமானால், "என்னங்க" என்று கூப்பிடுவேன். அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ஒரு தடவை, "அம்மா, அப்பாவ போலீஸ் மாதிரி பாக்காதே" என்றாள். பாடுகிறவனுக்குத் தொண்டை நனையவேண்டும். அது எனக்குத் தெரியாதா.

ஸ்டுடியோ தஞ்சாவூரில், ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கண்ணாடி தடுத்த சின்ன அறையில் நாங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு ஸ்டுடியோக்காரர். பாடும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். புதனும் சனியும் போனோம். டயாலிசிஸ் முடிந்த மறுநாள்தான் அவருக்கு உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்ததால் அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது. கீபோர்டை நான்தான் முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவேன். அந்த ஆபரேஷன் செய்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் விர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாள் ஸ்டுடியோக்காரரின் கையைப் பிடித்து அங்கே வைத்து, "தம்பி, இது எந்த சுதின்னு சொல்லுங்க பாப்பம்" என்றார். அந்தப் பையன் பயந்து கையை எடுத்துக்கொண்டான். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் இரண்டு பாட்டும் சரியாகவே வந்தன. இன்றைக்குக் கேட்டாலும் அவை எங்கள் பழைய குரல்கள்தான். மேடையில் பாடிப் பாடிக் கொஞ்சம் உரத்துப் போன குரல்கள். மூன்றாவது பாட்டில் அவருக்கு வாய் காய்ந்துவிட்டது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் மைக்கில் விழுந்தது. ஸ்டுடியோக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்தார். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் இன்னும் இருக்கிறது. தெரிந்தவர்களுக்குக் கேட்கும்.

நாலாவது பாட்டு குடத்து நீர்ப் பாட்டு. புதன்கிழமை போனோம், வரவில்லை. சனிக்கிழமை போனோம், மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் குரல் உடைந்து உடைந்து போயிற்று. சுதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். குறைத்தால் உனக்கு ரொம்பக் கீழே போய்விடும் என்று அவர் மாட்டேனென்றார். திங்கட்கிழமை வாருங்கள், அதற்கப்புறம் பத்து நாள் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை எங்களுக்கு ஆகாத நாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் பிறகு மூன்று நாள் ஆகியிருக்கும். உடம்பு முழுக்க நீர் கோத்திருக்கும். வேண்டாம் என்று நான் சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் கீபோர்டை எடுத்து மாட்டிக்கொண்டு நான்தான் முன்னால் நடந்தேன். கான்ட்ராக்டர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். எனக்கும் அந்தப் பாட்டு வரவேண்டும் என்றிருந்தது. நான் எழுதியதில் அது ஒன்றுதான் எனக்கே நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

அது ஆனி மாதம். ஆற்றில் தண்ணீர் விட்டு, வாய்க்கால்கள் எல்லாம் நிறைந்து, குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்டுடியோவில் மூன்று தடவை எடுத்தோம். மூன்றும் உடைந்தன. "ஒரு நிமிஷம், வாய் கொப்புளிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போனார். நான் காதில் ஹெட்போனோடு மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டுடியோக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவருக்குப் பின்னால் கதவு திறந்து கிடந்தது. கதவுக்கு அப்பால் நடையில் தண்ணீர்க் கேனும் அதற்குப் பக்கத்தில் ஒரு வாஷ்பேசினும். என் கணவர் கேனிலிருந்து தண்ணீர் பிடித்தார். அங்கே கிடந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தார், முழுசாக. முதல் வாயைக் கொப்புளித்துத் துப்பினார். இரண்டாவது வாயைத் துப்பவில்லை.

பாட்டிலை வாய்க்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குரல்வளை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. பாட்டில் காலியாகும்வரை குடித்தார். மறுபடியும் பாதி பிடித்து அதையும் குடித்தார்.

என் முன்னால் மைக் இருந்தது. நான், "என்னங்க" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் ஸ்பீக்கரில் அந்த நடை முழுக்கக் கேட்டிருக்கும். நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்து கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தி, என்னைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ம், போடுங்க தம்பி" என்றார்.

ஒரே டேக். கல்யாணத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக அவர் பாடிக் கேட்ட குரல் திரும்ப வந்திருந்தது. அந்த மேல் ஸ்தாயி இடத்தில் அவர் நின்று, கொஞ்சம் வேண்டுமென்றே நீட்டி, பிறகு இறங்கினார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கும் குரல் திறந்துகொண்டது. இரண்டாவது சரணத்தை நான் அப்படி அதற்கு முன்னால் எப்போதும் பாடியதில்லை. முடிந்ததும் ஸ்டுடியோக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, இதுதாண்ணே. இதுல கைவைக்கவே வேணாம்" என்றார். நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதத்தான் வேண்டும். அந்த அரைமணி நேரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்.

"நீ பாத்தல்ல?"

"எத?"

"ஒண்ணுமில்ல."

பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பு அவரால் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தார், பிறகு உட்காரவும் முடியவில்லை. நெஞ்சுக்குள் கொதிக்கிற உலை மாதிரி சத்தம் கேட்டது. வாயில் நுரை வந்தது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு கூட வந்தாள். எதற்காக அதை உடுத்திக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அங்கே இளம் டாக்டர் ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சாரும்மா?"

"எப்பவும் போலத்தான் சார். அரை லிட்டர்."

"நிச்சயமா?"

"நான்தானே சார் அளந்து குடுக்கறேன்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. இதுவரை நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நான் அவரைக் காவல் காக்கிறதை நிறுத்திவிட்டேன். பாட்டிலில் அளந்து வைப்பேன், அவ்வளவுதான். அவரும் அதைத் தாண்டிக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவது குறைந்துவிட்டது. அவருக்கு என்மேல் கோபமா, எனக்கு அவர்மேல் கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "மீதிய முடிச்சிடலாம், அந்தாளு பாவம் காத்துக்கிட்டிருக்காரு" என்றார். சரி என்றேன்.

ஐந்தாவது பாட்டை நாலு நாளில், இரண்டிரண்டு வரியாகப் பாடினார். ஸ்டுடியோக்காரர் ஒட்டவைத்தார். ஆறாவதில் பல்லவி மட்டும் அவர். ஏழாவது தாலி கட்டும் பாட்டு, அது முழுக்க நான்தான். எட்டாவது, பிள்ளைகள் காலில் விழுந்து ஆசி வாங்கும்போது போடுவதற்கு. அதற்கு நான் வரிகள் எழுதியிருந்தேன். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு கீபோர்டில் மட்டும் வாசித்தார். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் தப்பாக ஒரு கட்டை அழுந்தியது. திரும்ப எடுக்கலாமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். "இருக்கட்டும் தம்பி" என்றார். அவை அப்படியே இருக்கின்றன. வரிசையாக எட்டையும் கேட்டால் அந்த மூன்று மாதமும் அப்படியே வரிசையாக வரும். கேட்கிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று யார் கேட்கிறார்கள்? சடங்குக்கு ஏற்ற பாட்டைப் போடுகிறார்கள்.

ஆல்பத்துக்கு முகப்பாக எங்கள் இரண்டு பேர் படமும் வேண்டும் என்று கான்ட்ராக்டர் கேட்டார். அவரே ஆளனுப்பிப் படம் எடுத்தார். பின்னால் கோபுரத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டார்கள். வீக்கத்தினால் அவர் முகம் அந்தப் படத்தில் உருண்டையாக இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறார் என்று சொன்னார்கள். நான் தலை நிறையப் பூ வைத்து, மஞ்சள் கயிறு வெளியே தெரிய நிற்கிறேன்.

கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர் இறந்துபோனார். மழை பெய்துகொண்டிருந்தது. நான் வாசலில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போயிருந்தேன். வந்து பார்க்கும்போது கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்துக் கான்ட்ராக்டர் போன் செய்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, வீடியோக்களில் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கிறார்கள், பாடினவர்களையே நேரில் வந்து பாடச் சொல்கிறார்கள் என்றார்.

"அண்ணன் இல்லைன்னு சொல்லிட்டேங்க்கா. நீங்க மட்டும் ட்ராக் போட்டுப் பாடுனாக் கூடப் போதும்ங்கறாங்க. வர முடியுமா?"

எனக்கு வேலை தேவையாக இருந்தது. அதைவிட, வாயைத் திறந்து பாடவேண்டும் போல இருந்தது. வருகிறேன் என்றேன். இரண்டு நாள் காலையில் எழுந்து சாதகம் செய்தேன். குரல் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் போன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லுங்க தம்பி."

"அவங்க வீட்டுப் பெரியவங்க யாரோ விசாரிச்சிருக்காங்க. அண்ணன் இல்லாதவங்கன்னு தெரிஞ்சதும்... மங்கள காரியம் பாருங்க. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுக்கா."

"பரவால்ல தம்பி."

"அதான் பாட்டு இருக்குல்லக்கா. அதையே போட்டுக்குறோம்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பாட்டு இருக்கிறது. அந்தப் பாட்டில் நான் சுமங்கலி. அந்தக் குரல் எத்தனை மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போகலாம், எத்தனை தாலிக்கு வேண்டுமானாலும் வாழ்த்துச் சொல்லலாம். அதே தொண்டையை வைத்துக்கொண்டிருக்கிற நான் போகக் கூடாது. எனக்கு அதில் கோபப்படக்கூட உரிமை இல்லை என்று தோன்றியது. எத்தனை கல்யாண மேடையில் நானே நின்று பாடியிருக்கிறேன். மாலை மாற்றும்போது தூணோரமாக ஒதுங்கி நின்ற பெண்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது பாட்டை நிறுத்தினேனா? அடுத்த பாட்டு என்ன என்றுதான் கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு குழுக்களிலும் கூப்பிடுவது குறைந்து நின்றுபோயிற்று. பாபநாசத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டா மாற்றம், சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் என்று நாள் பூரா டைப் அடிக்கிறேன். மகள் கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போது போனில் அந்த ஆல்பத்தைக் கேட்பாளாம். எந்தப் பாட்டு என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலாவதுதாம்மா. மத்ததுல எல்லாம் அப்பா கஷ்டப்படுறது தெரியுது. அதுல மட்டும் நல்லா இருந்திருக்காரு. அன்னைக்கு உடம்பு நல்லா இருந்துச்சா அவருக்கு?"

"ஆமா. நல்லா இருந்துச்சு" என்றேன்.

போன மாசி மாதம் என் கணவரின் பெரிய அண்ணனுக்கு அறுபது முடிந்தது. அவர் விவசாயம் பார்ப்பவர். சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன் அங்கிருந்தே போனில் எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். கான்ட்ராக்டர் அதே ஆள்தான் என்பது திருக்கடையூருக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு அவரே போய் ஒரு டம்ளர் காப்பி வாங்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கு முகூர்த்த நாள். கோயிலிலும் பக்கத்து மண்டபங்களிலும் எங்கே பார்த்தாலும் மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள். நாங்கள் இருந்த மண்டபத்தில் நான் கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை. மாலை மாற்றினார்கள். முதல் பாட்டு வந்தது. அவருடைய குரலை அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றுமில்லை என்பதுபோல் கையை அசைத்தேன்.

பிறகு கலசத் தண்ணீர். பலகை போட்டு இரண்டு பேரையும் உட்காரவைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் ஊற்றினார்கள். நாலாவது பாட்டைப் போட்டார்கள். ஓரகத்தி அக்கா நனைந்துபோய், முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். என்னைத்தான் தேடினாள். கையை நீட்டி, வா வா என்றாள். அந்தக் கணத்தில் அவள் எதையும் யோசிக்கவில்லை; நிஜமாகத்தான் கூப்பிட்டாள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். நான் தலையை ஆட்டினேன். அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"நேரமாறது, அடுத்தவா வாங்கோ" என்றார் ஐயர்.

என் மகள் எழுந்து போய் ஊற்றினாள்.

அப்போது பக்கத்து மண்டபத்திலும் கலசத் தண்ணீர் ஆரம்பித்துவிட்டார்கள். அங்கேயும் அதே பாட்டு, எங்களுடையதைவிட ஒரு வரி பின்னால். இங்கே அவர் மேலே போய் நிற்கிறார், அங்கே இன்னும் போகவில்லை. இங்கே இறங்கும்போது அங்கே ஏறுகிறார். என் குரலும் அப்படியே. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாவது சரணம் பாதியில் இருக்கும்போது எங்கள் மண்டபத்தில் பாட்டை நிறுத்தி அடுத்ததைப் போட்டார்கள், தண்ணீர் ஊற்றி முடிந்துவிட்டது. பக்கத்தில் மட்டும் கடைசிவரை கேட்டது.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில், மணமகள் பக்கத்துச் சொந்தக்கார அம்மாள் ஒருத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். பேச்சுக்குச் சொல்கிற மாதிரி, "பாட்டு நல்லா இருந்துச்சு, இல்ல? யாரு பாடுனதோ" என்றாள்.

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

அவள் திரும்பி என் நெற்றியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் வேனில் திரும்பினோம். பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் மகளும் அவர்களோடு எழுந்து நின்று கைதட்டினாள். அறுவடை சமயம். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று வந்ததால் வேன் வெகுநேரம் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் வழி விடச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். ஓரகத்தி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புதுப் புடவையின் சரிகை உள்ளங்கையில் குத்தியது. வேன் கிளம்பிய பிறகும் அவள் கையை விடவில்லை.